வடிவு வாங்கிய சத்தியம்

வடிவுக்குக் கோபம் வந்துவிட்டால் மைசூர் மண்டி மொஹல்லாவே கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். சும்மா சொல்லவில்லை. வெங்காயக் கிடங்குக்குப் பின்னாலிருக்கும் சந்தில் லாரிக்காரன் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர்கள் ஆரனை அமுக்கித் தொலைப்பார்கள். வடிவு கதவைத் திறந்துகொண்டு வந்து, ஹனூர்ப் பக்கத்துத் தமிழில் நாலு போடு போட்டால் போதும், தமிழே தெரியாத லாரிக்காரனுக்கும் விளங்கிவிடும். மனசு தங்கம்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அது மனசு புறப்படுவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். அந்த வாயால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சொந்த ஊர் ஹனூருக்குப் பக்கத்தில் கௌதள்ளி. புருஷன் வேலாயுதம் கட்டட வேலைக்காக மைசூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்த சில வருஷத்தில் சாரம் சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். கையில் பிள்ளை உதயகுமார் இருந்தான். ஊருக்குத் திரும்பி வா என்று அண்ணன் கூப்பிட்டான். "திரும்பி வந்து உன்ற பொண்டாட்டிகிட்டப் பேச்சு வாங்கவா?" என்று கேட்டுவிட்டு இங்கேயே இருந்துவிட்டாள். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. காய் நறுக்குவது, அண்டா கழுவுவது, பந்தி முடிந்ததும் எச்சில் இலை எடுப்பது. கூடவே வேலை செய்த சித்தம்மா கன்னடத்துக்காரி. அவள் கன்னடத்தில் திட்ட, இவள் தமிழில் திட்ட, இரண்டு பேரும் உயிருக்குயிராகப் பழகினார்கள்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பின்கட்டு ஆட்கள் கடைசியாகத்தான் சாப்பிட வேண்டும். ஊரே தின்று ஏப்பம் விட்டு, வெற்றிலை போட்டு, சம்பந்திச் சண்டைகூட முடிந்த பிறகு, அண்டாவின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு சுவரோரமாகக் குந்திச் சாப்பிடுவார்கள். வடிவு அப்படிச் சாப்பிடும்போதெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொள்வாள். 'என்ற மவன் மொதப் பந்தியில உக்காரோணும். நாலு பேர் அவனுக்கு வாளி தூக்கோணும். அவன் கையில கரண்டி வரப்படாது.' அவளுக்கு வாழ்க்கையில் வேண்டுதல் என்று இருந்தது அது ஒன்றுதான்.

உதயகுமாரோ, அடடா, அவன் ஒரு தனிப் பிறவி. யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான். சத்தம் ஆகாது, லாரி ஆரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் போய் நின்றுகொள்வான். வீட்டில் தமிழை அளந்து பேசுவான். வெளியே கன்னடம் பேசினால் ரேடியோச் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். கேட்டதற்குப் பதில் சொல்வான், கேட்காததைச் சொல்ல மாட்டான். பொய் வராது. ஒன்றைச் செய்கிறேன் என்றால் செய்வான், மாட்டேன் என்றால் மாட்டான்தான். சந்தில் இருந்தவர்கள் 'அரைக்கிறுக்கு' என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் வடிவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் பையன் படிப்பில் படு சுட்டி. பி.எஸ்ஸி.யில் இடம் கிடைத்தது. சந்தில் இருக்கும் இரைச்சலில் படிக்க முடியாதென்று ஊருக்கு வெளியே இருந்த காலேஜ் ஹாஸ்டலிலேயே சேர்த்துவிட்டாள். அது தொண்ணூற்றிரண்டாம் வருஷம்.

ஹாஸ்டலில் ஆரம்பத்தில் அவன் பட்ட அவஸ்தை அவளுக்குத் தெரியாது. வகுப்பில் எல்லாரும் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள், அவன் சுவரோரம் ஒண்டுவான். பையன்கள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியாது. அங்கே ஒருத்தரையொருத்தர் பார்த்தால் "ஊட்டா ஆய்த்தா?" என்றுதான் கேட்பார்கள். சாப்பாடு ஆச்சா என்று ஒரு பேச்சுக்குக் கேட்பது. இவன் நின்று, என்ன சாப்பிட்டான், எது உப்பாக இருந்தது, எதை மீதி வைத்தான் என்று விலாவாரியாகச் சொல்லுவான். கேட்டவன் அதற்குள் படியேறிப் போயிருப்பான். ரேடியோக் கன்னடத்துக்காக 'ஆகாசவாணி' என்று பேரும் வைத்துவிட்டார்கள். மெஸ்ஸில் தட்டுச் சத்தமும் பெஞ்சு இழுக்கிற சத்தமும் தாங்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே புங்கமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிடுவான். இவன் ஒரு மாசம் தாங்க மாட்டான் என்று பந்தயம் கட்டியவர்களும் உண்டு.

அந்த மெஸ்ஸைப் பையன்களே நடத்தினார்கள். சமைக்க மல்லப்பன் என்று ஒரு ஆள். பரிமாறுவது மட்டும் பையன்கள், முறை வைத்து. வாரத்துக்கு வாரம் ஆள் மாறும். பெரிய வீட்டுப் பையனானாலும் முறை வந்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி தூக்க வேண்டியதுதான். உதயகுமாருக்கும் முறை வந்தது. மல்லப்பன் ரச வாளியை அவன் கையில் கொடுத்து, "இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் போ. 'சாரு' அப்படின்னு கேளு. வேணும்ன்னா ஊத்து. வேண்டாம்னா அடுத்தவன்," என்றான். ரசத்துக்கு அங்கே சாரு என்றுதான் பேர்.

அவ்வளவுதான், பையனுக்கு உலகம் பிடிபட்டுவிட்டது! பெஞ்சுக்கு இந்தப் பக்கம் நின்றால் யாரும் தோளில் இடிப்பதில்லை. எங்கே நிற்பது, என்ன பேசுவது, எப்போது நகருவது என்று குழப்பமே இல்லை. ஒரு சொல் கேட்டால் ஒரு சொல் பதில் வருகிறது. எல்லாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வாரம் முடிந்ததும், "அடுத்த வாரமும் நானே," என்று மல்லப்பனிடம் கேட்டான். முறை என்றாலே மூஞ்சி சுளிக்கிற பையன்கள், விட்டது தொல்லை என்று கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அவன் வாளியைக் கீழே வைக்கவே இல்லை. பரிமாறி முடித்து, மெஸ் காலியான பிறகு, மல்லப்பனோடும் அந்த வாரத்து முறைக்காரப் பையன்களோடும் உட்கார்ந்து சாப்பிடுவான். அப்போது சத்தம் இருக்காது. ஹனூர் விவசாயி வீட்டுப் பையன் தீபக் அங்கேதான் அவனுக்குச் சிநேகிதனானான். 'ஆகாசவாணி' என்ற கேலிப் பேரும் எப்போது செல்லப் பேரானதென்று யாருக்கும் தெரியாது. தசராப் பொருட்காட்சிக்குப் போனபோது அவனை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை. கூட்டம் குறைந்த மத்தியான நேரமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்தவன், "தீபக் எனக்குச் சிநேகிதன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். வடிவு அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவன் வாயில் அப்படி ஒரு சொல் வந்ததில்லை. எப்படிப் பழக்கம் என்று அவள் கேட்கவில்லை, அதனால் அவனும் சொல்லவில்லை. கேட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே! அதை நினைத்து நினைத்துத்தான் பின்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கல்யாணத்தில் மிஞ்சிய ஒப்பட்டுப் போளியைச் சித்தம்மா வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள். பிள்ளைக்குப் பிடிக்குமே என்று வடிவு பஸ் பிடித்து ஹாஸ்டலுக்குப் போனாள். அவள் போய்ச் சேர்ந்தது சரியாகச் சாப்பாட்டு வேளை. மெஸ் வாசலில் செருப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

வரிசையாகப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல சட்டை, கையில் கடிகாரம். நடுவில் அவள் மகன் லுங்கியை மடித்துக் கட்டி, ரச வாளியும் கரண்டியுமாகக் குனிந்து குனிந்து ஊற்றுகிறான். "ஏய் ஆகாசவாணி, இங்க வா! சாரு ஊத்துடா!" என்று ஒருத்தன் கத்துகிறான். இன்னொருத்தன் தட்டைத் தட்டுகிறான். மகன் ஓடுகிறான்.

வடிவுக்கு, தான் இத்தனை காலம் சுவரோரம் குந்தித் தின்றதெல்லாம் கண்முன் வந்து நின்றது. மகன் முகத்தைப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும், அவன் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் வாளியைத்தான் பார்த்தாள்.

"அடப்பாவிகளா! என்ற மவனை எடுபிடியாக்கிப் போட்டீங்களாடா?" உள்ளே பாய்ந்து வாளியைப் பிடுங்கினாள். ரசம் தரையெல்லாம் கொட்டியது. "ஏழை வூட்டுப் புள்ளைன்னா உங்களுக்கு இளக்காரமா? உங்க அப்பன் வூட்டு ஆளா இவன்? உங்களுக்குக் கை இல்லையா, கால் இல்லையா?" தீபக் ஓடி வந்தான். "அம்மா, அம்மா, நான் தீபக், கொஞ்சம் கேளுங்க. இது முறைங்கம்மா, நாங்க எல்லாருமே..." என்றான். "நீ பேசாதே! தேனா ஒழுவப் பேசிச் சிநேகிதம்ன்னு ஏமாத்திப் போட்டியல்ல நீ!" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். மல்லப்பன் கும்பிட்டான். வார்டன் நஞ்சுண்டசாமி சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார். உதயகுமார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரில் முகத்தைப் பதித்து நின்றான்.

அத்தோடு விட்டாளா? அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்தாள். "மாதேஸ்வரன் மேல சத்தியம் பண்ணு. இனி உசுரு போனாலும் பரிமாற மாட்டேன், கரண்டியத் தொட மாட்டேன்னு சொல்லு. சொல்லுடா!" மாதேஸ்வரன் அவர்கள் ஊர்ப் பக்கத்து மலைச் சாமி. அந்தச் சாமி பேரைச் சொல்லி அவர்கள் வீட்டில் யாரும் விளையாட மாட்டார்கள். அவன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். அவள் அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்துத்தான் அவன் சொன்னான். "மாதேஸ்வரன் மேல சத்தியம். பரிமாற மாட்டேன். கரண்டியைத் தொட மாட்டேன்." செய்தி வாசிக்கிற மாதிரியே சொன்னான்.

வடிவு ஜெயித்துவிட்ட மாதிரி பஸ் ஏறினாள். ஒப்பட்டைக் கொடுக்கவே மறந்துபோனாள்.

வார்டனுக்கு உதறல். இந்த அம்மா போலீஸுக்குப் போனால், பேப்பருக்குப் போனால் என்ன ஆவது? உதயகுமார் பேரை இனி எந்த முறையிலும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பையன்களும் பயந்து விலகினார்கள். அவனோடு பேசினால் எதைச் சொல்லி மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். தீபக் மட்டும், "வாடா, பக்கத்துல உக்காரு," என்று கூப்பிட்டுப் பார்த்தான். உட்கார்ந்தான், தட்டுச் சத்தம் தாங்காமல் எழுந்துபோனான். மறுபடி புங்கமரத்தடி. அப்புறம் அதுவும் இல்லை, ரூமிலேயே கிடந்தான். வகுப்புக்குப் போவதும் நின்றது. சங்கராந்திக்கு முன்னால் ஒரு நாள் டிரங்குப் பெட்டியோடு மண்டி மொஹல்லாச் சந்தில் வந்து நின்றான்.

"லீவா கண்ணு?"

"இல்லை. அங்கே எனக்கு நிற்க இடம் இல்லை."

அவள் என்னென்னவோ கேட்டாள். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னான். முறை என்றால் என்ன, மல்லப்பன் என்ன சொன்னான், யாருக்கு ரசம் கலக்கி ஊற்ற வேண்டும், யாருக்குத் தெளிவு மட்டும், பரிமாறிய பிறகு எல்லாருமாக உட்கார்ந்து என்ன பேசினார்கள், எல்லாம். வடிவு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்ற வாயில மண்ணைப் போட!" என்று முனகினாள்.

மறுநாளே ஹாஸ்டலுக்கு ஓடினாள். இந்தத் தடவை கும்பிட்டது அவள். நஞ்சுண்டசாமி நல்ல மனுஷர், "அதுக்கென்னம்மா, வரச் சொல்லுங்க, பேரைப் போட்டுடலாம்," என்றார். தீபக்கும் இன்னும் ரெண்டு பையன்களும் சந்துக்கே வந்து கூப்பிட்டார்கள். உதயகுமாருக்கு அவர்களைப் பார்த்ததில் சந்தோஷம்தான், உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஆனால், "சத்தியம் பண்ணியிருக்கிறேன்," என்றான்.

"அது நான் கேட்டு வாங்கினது கண்ணு. நானே சொல்றேன், வேண்டாம், விட்டுப்போடு."

"உன்னிடம் சொல்லவில்லை. மாதேஸ்வரன் மேலே சொன்னேன்."

சரி, சாமியிடமே போய்க் கேட்போம் என்று மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முடி இறக்கினாள். தேங்காய் உடைத்தாள். சந்நிதியில் விழுந்து, "அறிவு கெட்டுப்போய்க் கேட்டுட்டேன் சாமி, என்ற புள்ளைய விட்டுரு," என்று வாய்விட்டு அழுதாள். பூசாரி விபூதி பூசி, தோஷம் போச்சு என்றார். படி இறங்கும்போது ஆசையாகக் கேட்டாள். "இனிப் போலாமல்ல?"

அவன் நின்று யோசித்தான். அவளைச் சமாதானப்படுத்தத்தான் அவனுக்கும் ஆசை, அது அவளுக்கே தெரிந்தது. "கேட்டது நீ. சத்தியம் பண்ணினவன் நான். சாமி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லையே, அம்மா," என்றான். அவ்வளவுதான்.

காலேஜ் படிப்பு அத்தோடு நின்றது. ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை கிடைத்தது. பின் அறையில் தனியாக உட்கார்ந்து பார்ப்பான். தப்பே விடமாட்டான் என்று முதலாளிக்குச் சந்தோஷம். ஆனால் அங்கே அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. வீட்டிலும் அவன் கரண்டியைத் தொடவில்லை. சோற்றுப் பானை எதிரிலேயே இருந்தாலும் தனக்குத் தானே போட்டுக்கொள்ள மாட்டான். கல்யாண வேலைக்குப் போகிற நாளெல்லாம் வடிவு தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து மூடிவிட்டுப் போக வேண்டும். இன்னும் பசித்தாலும் தட்டில் இருந்ததோடு கையைக் கழுவிவிடுவான். "புள்ளைய உக்கார வெச்சுப் பரிமாறோணும்ன்னு வேண்டினியே, பார்த்தியா, சாமி அப்படியே குடுத்துருச்சு," என்று தன்னைத் தானே நக்கல் செய்துகொள்வாள். சித்தம்மா அவளை அதட்டுவாள்.

பிறகு யாரோ சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள். அந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதற்கு ஆட்டிசம் என்று பேர், இது நோய் இல்லை, அவனுடைய சுபாவமே அப்படி, யார்மேலும் தப்பில்லை என்று சொன்னார். யார்மேலும் தப்பில்லையாம்! வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியாக டாக்டரம்மா கேட்டார். "இவர் எங்கேயாவது நாலு பேரோட சேர்ந்து சந்தோஷமா இருந்ததுண்டா? அப்படி இருந்திருந்தா, அந்த மாதிரி இடம் இன்னொண்ணு தேடலாம்."

இருந்தான். எங்கே என்று இடத்தைக்கூட அவளால் காட்ட முடியும். ஆனால் டாக்டரம்மா முன்னால் அவளுக்கு விக்கி விக்கி அழத்தான் வந்தது.

தொண்ணூற்றொன்பதில் தீபக் பத்திரிகை வைக்க வந்தான். பெண் மைசூர், கல்யாணம் வடிவு வேலை செய்யும் அதே மண்டபத்தில். "டேய் ஆகாசவாணி, என் கல்யாணத்துல ரசம் உன் கைதான். நம்ம மெஸ் ஆளுங்க எல்லாரும் வர்றாங்க," என்றான். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் அது ஒரு மரியாதை. சமையல் ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் வேட்டியை மடித்துக் கட்டி வாளி தூக்கினால்தான் கல்யாணம் களை கட்டும். இத்தனை வருஷம் அதே மண்டபத்தில் வேலை செய்தும் வடிவுக்கு அது ஏன் அன்றைக்கு உறைக்கவில்லை? பெரிய வீட்டுப் பிள்ளைகள் வாளியோடு ஓடுவதை எத்தனை முகூர்த்தத்தில் பார்த்திருக்கிறாள்!

"நான் வருவேன். சாப்பிடுவேன். பரிமாற மாட்டேன்," என்றான் உதயகுமார். தீபக் வடிவைப் பார்த்தான். வடிவு சுவரைப் பார்த்தாள்.

கல்யாணத்தன்று முதல் பந்தியில் அவனை உட்கார வைத்தார்கள். தலைவாழை இலை. பழைய மெஸ் பையன்கள் நாலு பேர், இப்போது தொந்தியும் மீசையுமாக, அவனுக்கு வாளி தூக்கினார்கள். "ஆகாசவாணி, பாயசம்! வாங்கிக்கோடா!" அவர்கள் குரலில் அன்பு ஒழுகியது. சமையல்கட்டு வாசலில் ஈரக்கையோடு நின்று வடிவு பார்த்தாள். அவள் வேண்டிக்கொண்டது அச்சுப் பிசகாமல் அப்படியே நடந்துகொண்டிருந்தது. அவனோ பக்கத்து ஆளின் தோள் படாமல் உடம்பை ஒடுக்கி, அவசர அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டு சமையல்கட்டு வாசல் தூணருகே வந்து நின்றான்.

தூணுக்குப் பக்கத்தில் ஒரு ரச வாளி தனியாக இருந்தது. மேலே கரண்டி. தாலி கட்டப் போவதற்கு முன்னால் தீபக் சொல்லி வைத்திருந்தானாம், உதயகுமார் மனசு மாறினால் எடுக்கட்டும் என்று.

இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. உதயகுமார் வாளியைப் பார்த்தான். இலை வரிசையைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது, ஒவ்வொரு இலைக்கும் அவன் வாய்க்குள்ளேயே "சாரு? சாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். வடிவு கையைத் துடைத்துக்கொண்டு அவனருகே வந்தாள். "எடு சாமி," என்றாள். "உன்ற அம்மா காலத் தொட்டுக் கேக்கறேன், எடு."

"கூடாது, அம்மா." வரிசையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "அந்தக் கண்ணாடி போட்ட தாத்தாவுக்கு ரசம் வரவில்லை. வெறும் சோறாக இருக்கிறது. நீ போய் ஊற்று."

எச்சில் இலை எடுக்க மட்டுமே அந்தக் கூடத்துக்குள் போயிருந்தவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். பெரியவர் இலையின் முன்னால் குனிந்து, "சாருங்களா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். ஊற்றினாள். கண்ணீர் எங்கே அவர் இலையில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். உதயகுமார் தூணருகிலேயே நின்றுகொண்டு, அடுத்து யாருக்கு வேண்டுமென்று தலையை அசைத்துக் காட்டினான். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தான்.